சீலைக்காரிக்கு ஒரு முகம்

உங்க டிக்கெட்டைக் கொஞ்சம் காட்டுங்க தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க, பழக்கம். ம்... தென்காசி. சரியாத்தான் குடுத்திருக்கான். இந்தாங்க. சட்டை மேல்பையில வைக்காதீங்க, ஜன்னல் காத்துக்குப் பறந்துரும். அதுல ஏற்கனவே பீடிக்கட்டும் தீப்பெட்டியும் வேற இருக்கு. எப்படித் தெரியும்னு பாக்குறீங்களா? வாசனையே சொல்லுதே. இருக்கட்டும், இருக்கட்டும். பஸ்ஸுக்குள்ள பத்த வைக்காம இருந்தாச் சரி.

நான் புளியங்குடியில இறங்கணும். இந்தப் பை மேல மட்டும் கால் படாமப் பாத்துக்கோங்க. வேண்டாம், மடியிலேயே வச்சுக்கிறேன். உள்ள சாமி இருக்கு. படம்தான். நீங்க திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க, அதான் நானே சொல்லிட்டேன். என் கையைப் பாக்காதீங்க, அது கரி. துண்டைச் சுத்தி வச்சாலும் வெளிய வருது.

என் பேரு குருவலிங்கம். திருமங்கலத்துல வீடு. கண்டக்டரா பன்னெண்டு வருஷம், செக்கிங் இன்ஸ்பெக்டரா பத்தொன்பது வருஷம். ரோட்டோரத்துப் புளியமரத்துக்குப் பின்னால நின்னுக்கிட்டு, பஸ் வளைவுல வேகம் குறைக்கிறப்ப கையைக் காட்டி மறிச்சு ஏறுவாங்கள்ல, அந்த ஆளு நான்தான். ஏறின உடனே டிக்கெட்டைப் பாக்க மாட்டேன். மூஞ்சியைத்தான் பாப்பேன். எவன் தூங்குற மாதிரி நடிக்கிறான், எவ பிள்ளைக்கு வயசைக் குறைச்சுச் சொல்லப் போறா, எல்லாம் மூஞ்சியிலேயே தெரிஞ்சிரும். பத்தொன்பது வருஷத்துல நான் தப்பாப் பிடிச்ச கேஸ் ஒண்ணுகூடக் கிடையாது. டிப்போவுல யாரை வேணா விசாரிச்சுப் பாருங்க.

அப்படிப்பட்டவன் வீட்டுக்குள்ளயே தில்லுமுல்லு நடந்தா எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க.

வீட்டுல ரெண்டே பேரு தம்பி. நானும் ஆவுடைத்தாயும். ஆவுடைத்தாய் என் சம்சாரம். பிள்ளைங்க கிடையாது. ரெண்டு பேர்ல ஒருத்தன் நான். நான் செய்யலை. அப்ப மிச்சம் யாரு? இதுக்குப் பெரிய மூளையா வேணும்?

இருங்க, முதல்ல இருந்து சொல்றேன். தென்காசி போறவருக்கு என்ன அவசரம்.

எங்க குலசாமி சீலைக்காரி. எங்க கோயில்ல சிலை கிடையாது, படம் கிடையாது. ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள்ள ஒரு சேலை. அவ்வளவுதான் சாமி. எந்தக் காலத்துலயோ எங்க வம்சத்துல தீயில செத்துப்போன பொண்ணாம். சேலை மட்டும் கருகாமக் கிடந்துச்சாம். மாசி சிவராத்திரிக்குத்தான் பெட்டியைத் திறந்து காட்டுவாங்க. நாலு வருஷத்துக்கு முன்னால திறக்குறப்ப நான் பாக்குறேன், சேலைக்கரை வேற மாதிரி இருக்கு. அரக்குக் கரை, அன்னைக்கு ஊதாவாத் தெரியுது. பெட்டிச் சாவி என் பெரியப்பா மகன்கிட்ட. “சேலையை மாத்திட்டியாடா?”ன்னு அத்தனை பங்காளிக முன்னாடியும் கேட்டுட்டேன். அவன் சொல்றான், “புதுசா டியூப் லைட் போட்டிருக்கோம்ணே, அந்த வெளிச்சத்துல அப்படித் தெரியுது.” நம்புற மாதிரியா இருக்கு? அன்னையிலிருந்து அந்த வாசலை நான் மிதிக்கலை. ஆவுடையையும் மிதிக்க விடலை. அவ வருஷா வருஷம் சிவராத்திரி அன்னைக்கு மட்டும் சுவரைப் பாத்துப் படுத்துக்கிடுவா.

கோயிலுக்குப் போகலைன்னாலும் சாமி வேணுமே. வீட்டுலயே வச்சுக் கும்பிடுவோம்னு பாத்தா, எங்க சாமிக்குத்தான் முகம் கிடையாதே, எந்தக் கடையில படம் கிடைக்கும்? அப்பத்தான் கோர்ட்டுக்கு எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற தமயந்தியைப் பத்திச் சொன்னாங்க. அந்தப் பொண்ணு சாமி படம் கையாலயே வரையும். பென்சில்லயும் கரியிலயும். கலரு ஒரு பொட்டுகூடக் கிடையாது. கடைச் சுவர் பூரா முருகன், காமாட்சி, நரசிம்மர். கறுப்பு வெள்ளைதான், ஆனா நின்னு பாத்தா எதிர்ல ஆளு மூச்சு விடுற மாதிரி இருக்கும். சாமி பேரைச் சொல்லி வரைஞ்சு வாங்கிட்டுப் போய் வீட்டுல மாட்டுறதுக்கு ஆளுக வரிசையா வருது.

ஆவுடையையும் கூட்டிக்கிட்டுப் போனேன். “முகம் எப்படி சார் இருக்கணும்?”னு தமயந்தி நோட்டை எடுத்துச்சு. நான் சொன்னேன், “ஒரு தப்பைக்கூட விடாத கண்ணு வேணும்மா. வாய் இறுக்கமா இருக்கணும். பொய் சொல்றவன் முன்னால வந்து நின்னா அவனுக்கு வேர்த்து ஊத்தணும்.” எழுதிக்கிட்டு ஆவுடை பக்கம் திரும்புச்சு. “நீங்க சொல்லுங்கம்மா.” இவ எப்பவும் வாயைத் திறக்காதவ. அன்னைக்கு என்னமோ சொன்னா. “நான் என்னத்தம்மா சொல்ல? பசிச்சு வந்த ஆளப் பாக்குத மாதிரி இருந்தாப் போதும்.” புளியங்குடிப் பேச்சு அவளுக்கு இன்னும் போகலை. “அதை எழுதாதம்மா, சாமியா சமையக்காரியா?”ன்னு நான் சொல்லிட்டேன்.

இது கல்லுப்பட்டி. டிரைவர் அஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டுப் பத்து நிமிஷம் நிப்பாரு பாருங்க.

தை மாசத்து முதல் வெள்ளிக்கிழமை படம் வந்துச்சு. பலகையில ஒட்டி, சுத்தி மரச்சட்டம் போட்டிருந்துச்சு. நகை, கிரீடம், சேலைக்கரை எல்லாம் பென்சில். முகம் மட்டும் கரி. கண்ணுக்குள்ள கருமணி இல்லை. அது அந்தப் பொண்ணோட முறையாம். கண்ணை மட்டும் கடைசியா, படம் போற வீட்டுலதான் திறக்கும். காலையில வந்து, எங்க வீட்டுக் கிணத்துலயே தலைக்கு ஊத்திக்கிட்டு, ஈரத்தலையோட உக்காந்து கருமணி வச்சுச்சு. சாமியோட முதல் பார்வை ஆளுக மேல விழக்கூடாதுன்னு ஆவுடை எதிர்ல கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. வச்சு முடிச்சதும் நான் பாத்தேன். அம்மாடி! நான் சொன்ன அதே கண்ணு. எனக்கே ஒரு நிமிஷம் டிக்கெட் எடுக்காம ஏறிட்டோமோன்னு ஆயிருச்சு.

அதுவரைக்கும் எல்லாம் சரி. அப்புறம்தான் அந்தப் பொண்ணு பையிலிருந்து ஒரு டப்பாவை எடுக்குது, கொசு மருந்து டப்பா மாதிரி. “இதை அடிச்சாத்தான் சார் கரி பேப்பர்ல ஒட்டி நிக்கும்”ங்குது. நான் வாங்கி மோந்து பாத்தேன். ஸ்பிரிட் வாடை. சாமி மேல சாராயத்தை அடிக்கப் பாக்குது! கூடாதுன்னுட்டேன். “அப்ப கண்ணாடியாவது போட்டுருங்க”ங்குது. கண்ணாடி போட்டா பொட்டு எதுல வைக்கிறது? சாமி நெத்தியிலயா, கண்ணாடி நெத்தியிலயா? அதோட பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரன் அந்தப் பொண்ணுக்குச் சொந்தக்காரனா இருப்பான்னு எனக்கு ஒரு சந்தேகம். அதையும் கூடாதுன்னுட்டேன். அந்தப் பொண்ணு என்னைப் பாத்துச்சு, ஆவுடையைப் பாத்துச்சு. கிளம்புறப்ப வாசல்ல வச்சு இவ கையில என்னமோ திணிச்சுச்சு. ஓரக்கண்ணால பாத்தேன். விரல் நீளத்துக்கு ஒரு கரிக்குச்சி. “தேவைப்படும்மா, வச்சுக்கோங்க.” எதுக்குத் தேவைப்படும்? அன்னைக்கே மனசுல குறிச்சு வச்சுக்கிட்டேன்.

படத்தைப் பாத்துக்கிறது என் பொறுப்பு. செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் நானே குளிச்சிட்டு வந்து மஞ்சத்துணியால சாமி முகத்தைத் துடைப்பேன். ஈரத்துணி இல்லை, நான் என்ன மடையனா? காஞ்ச துணிதான். நெத்தியிலிருந்து தாடை வரைக்கும் அழுத்தித் துடைச்சு, சந்தனம் குங்குமம் வைப்பேன். ஆவுடையை விட மாட்டேன், அவ கையில அழுத்தம் பத்தாது. ஒவ்வொரு தடவையும் துணி கறுப்பா வரும் தம்பி. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுத் திருஷ்டியை எல்லாம் சாமி இழுத்துத் துணியில விடுதுன்னு. ஆவுடைகிட்டக் காட்டுவேன். “பாத்தியா, எவ்வளவு கண்ணேறு இருந்திருக்கு?” அவ துணியை வாங்கிப் பாத்துட்டுத் துவைக்கப் போயிருவா.

என்ன சிரிக்கிறீங்க? இல்ல, வெளிய எதையோ பாத்துச் சிரிச்சீங்களோ. சரி.

சித்திரை வாக்குல படத்துல ஒரு மாத்தம். இறுக்கமா இருந்த வாய் கொஞ்சம் தளர்ந்த மாதிரி. ஆனியில பாத்தா கண்ணோட முறைப்புப் போயிருச்சு. ஆடி பிறந்தப்ப சாமி சிரிக்குது தம்பி! பல்லைக் காட்டி இல்லை. யாரோ வாசல்ல வந்து நிக்கிறாங்க, வாங்க உக்காருங்கன்னு சொல்லப் போற மாதிரி ஒரு சிரிப்பு. நான் கேட்ட முகம் இது இல்லையே. அதோட காலையில பாத்தா படத்துக்குக் கீழ பலகையில பொடியாக் கறுப்பு கிடக்கும். சாமி அறையில மை! எவனாவது செய்வினை வச்சா இப்படித்தான் மை விழும்னு கேள்விப்பட்டிருக்கேன். பங்காளி ஞாபகம்தான் வந்துச்சு.

சும்மாவே எங்க வீட்டுல ஒரு மாதிரியான நடமாட்டம் உண்டு. பதினாலு வருஷத்துக்கு முன்னால சுவர்க் கடிகாரம் நின்னு போச்சு. நானே கழட்டி மாட்டினேன். ரெண்டு திருகாணி மிச்சமாப் போச்சு, அன்னைக்கு ஓடலை. மறுநாள் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்து பாத்தா, டக்கு டக்குன்னு ஓடுது! அதுலயிருந்து சாவியே குடுக்காம ஓடுச்சு. வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கிட்டிருந்தேன். இன்னொண்ணு, நான் மாசத்துக்கு ரெண்டு புகார்க் கடுதாசியாவது எழுதுவேன். பால்காரன் மேல, பங்காளிக மேல, எதிர்வீட்டு வாத்தியாரு முருங்கைமரத்து மேல. ஆவுடைதான் கொண்டுபோய்த் தபால் பெட்டியில போடுவா. ஒண்ணுக்குக்கூடப் பதில் வந்தது கிடையாது. வாத்தியாரு என்னைக் கண்டா இன்னும் சிரிச்சுக்கிட்டே கும்பிடு போடுறாரு. அந்தக் கடுதாசி படிச்சவன் போடுற கும்பிடா அது? நடுவுல யாரோ அமுக்குறாங்கன்னு பல வருஷமா எனக்குச் சந்தேகம்.

சரி, படத்துக்கு வர்றேன். புரட்டாசியில ஒரு புதன்கிழமை, “மதுரைக்குப் போறேன், சாயங்காலம்தான் வருவேன்”னு குடையும் பையுமாக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டுல ஒரு டீயைக் குடிச்சிட்டு, இருபதாவது நிமிஷம் திரும்பிட்டேன். செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுக் கொல்லை வழியா உள்ள போனேன்.

சாமி அறையில முக்காலி மேல ஏறி நிக்கிறா. கையில அந்தக் கரிக்குச்சி. தேஞ்சு கட்டைவிரல் நகம் அளவுக்கு ஆயிருக்கு. நாக்கு நுனியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, சாமி கண்ணிமையை இழுத்துக்கிட்டிருக்கா. கோலம் போடுற மாதிரி, ஒரே இழுப்பு. அப்புறம் விரலால லேசா ஒத்தி எடுக்குறா. மூக்குமேலகூடக் கரி. நான் சத்தம் காட்டாம நின்னேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலை. செக்கிங்ல நான் அப்படி நின்னு வேடிக்கை பாத்ததே கிடையாது தம்பி. அன்னைக்கு ஏன் நின்னேன்னு இப்பவும் தெரியலை. அவ மூஞ்சியை அவ்வளவு பக்கத்துல பாத்தே எத்தனையோ வருஷம் இருக்கும்.

அப்புறம் சுதாரிச்சுக்கிட்டு, “டிக்கெட்!”னு கத்தினேன். வாயில அதுதான் வந்துச்சு. முக்காலியிலிருந்து விழப் பாத்தா.

“என்ன பண்றே?”

“ஒண்ணுமில்லங்க. லேசா மங்கிப் போயிருந்துச்சு.”

“அது எப்படி மங்கும்? செவ்வாய் வெள்ளி தவறாம நான் துடைச்சு வச்சிருக்கேன். எப்படி மங்கும்?”

என்னையே பாத்தா. “அதான, எப்படி மங்கும்?”னு மெதுவாச் சொன்னா.

எவ்வளவு திமிரு பாருங்க, நான் கேட்ட கேள்வியை எனக்கே திருப்புறா. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிப் போச்சு. பங்காளி சொல்லிக் குடுத்தானான்னு கேட்டேன். மை வைக்கிறியான்னு கேட்டேன். இன்னும் என்னென்னமோ கேட்டேன். தட்டுல கற்பூரத்தை ஏத்தி அவ முன்னால வச்சேன். “என் சாமியை நான் கெடுக்கலைன்னு கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு.”

அவ கையை நீட்டலை. கற்பூரம் எரிஞ்சு தானா அணையிற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னா. அப்புறம் சொன்னா, “முப்பத்தஞ்சு வருசத்துல நான் ஒரு தடவ உங்ககிட்ட சத்தியம் கேட்டிருக்கனா? போட்டும். இனிமே நீங்களே பாத்துக்கிடுங்க. நல்லாத் துடைங்க.”

மறுநாள் காலையில ஒரு மஞ்சப்பையோட புளியங்குடியில அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. சோறு வடிச்சு வச்சிட்டுத்தான் போனா, அதையும் சொல்லணும். கரிக்குச்சியை மட்டும் நான் பிடுங்கி, தாள்ல மடிச்சு, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டு வச்சுக்கிட்டேன். சாட்சிக்கு வேணுமே. இதோ, பையிலதான் இருக்கு. குத்தம் செய்யாதவ எதுக்குப் போகணும்? குத்தம் செய்யாதவ கற்பூரத்தை அணைக்க வேண்டியதுதானே?

ஆமா, ராஜபாளையம்தான். அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் இடம் விடுங்க. பை தம்பி, பை!

அவ போன முதல் வெள்ளிக்கிழமை துடைச்சேன். வாய் போச்சு. செவ்வாய்க்கிழமை மூக்கு. அடுத்த வெள்ளிக்கு ஒரு கண்ணு. பாத்தீங்களா, சாமியையும் கூடவே இழுத்துக்கிட்டுப் போயிட்டாளேன்னு நினைச்சேன். பயத்துல இன்னும் அழுத்தித் துடைச்சேன். மூணாவது வாரம் முகமே இல்லை. நகை இருக்கு, கிரீடம் இருக்கு, சேலைக்கரை இருக்கு. நடுவுல வெறும் தாளு. அதே வாரம் கடிகாரமும் நின்னு போச்சு. நான் குலுக்கிப் பாக்குறேன், தட்டிப் பாக்குறேன், அசையலை. கடைசியில வாத்தியாரு வந்து பாத்துட்டு, “சாவி குடுத்து எத்தனை நாளாச்சு?”ன்னு கேக்குறாரு. சாவியா? கடிகாரத்துக்குப் பின்னாலயே ஆணியில தொங்குது.

துடைக்கிற துணி கிழிஞ்சு போச்சு. பழைய சேலை ஏதாவது இருக்கும்னு அவ டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மேல அவ முகூர்த்தச் சேலை. அதைத் தூக்கினா, அடியில கட்டுக் கட்டாக் கடுதாசி. என் கையெழுத்து. ஒட்டின தபால்தலை ஒட்டினபடியே இருக்கு. அத்தனையும் அமுக்கினது அவதான்! அடிப்பாவின்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். கோவத்துல ஒண்ணைப் பிரிச்சுப் படிச்சேன். வாத்தியாரைப் பத்தினது. என்னென்னமோ எழுதியிருக்கேன் தம்பி. அவரு சம்சாரத்தைக்கூட இழுத்து எழுதியிருக்கேன். போன வருஷம் எனக்கு நெஞ்சுவலி வந்தப்ப, லுங்கியோட ஓடிவந்து ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரியில சேர்த்தது அந்த வாத்தியாருதான். ரெண்டாவது கடுதாசியை நான் பிரிக்கலை. சேலையை மேல வச்சு மூடிட்டேன்.

நேத்து படத்தை எடுத்துக்கிட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். நல்லா சத்தம் போடணும்னுதான் போனேன். மட்டமான கரியைப் போட்டு ஏமாத்திட்டியான்னு கேக்க. தமயந்தி படத்தைப் பாத்துட்டு, “எதால சார் துடைச்சீங்க?”ன்னுச்சு. காஞ்ச துணிதான்னேன். “கரிக்குக் காஞ்ச துணியே போதும் சார். நாங்க தப்பா வரைஞ்சதை அழிக்கிறதே அப்படித்தான்”னு சொல்லிட்டு, சாய்ச்சு வச்சு வெளிச்சத்துல பாத்துச்சு. “எப்பப் போச்சு?” இப்பத்தான், மூணு வாரத்துலன்னேன். அது தலையை ஆட்டுச்சு. “இருக்காது. நீங்க சொல்ற மாதிரி துடைச்சிருந்தா மாசி பிறக்கிறதுக்குள்ள போயிருக்கணும். எட்டு மாசம் நின்னுருக்குன்னா, நீங்க ஒவ்வொரு தடவை துடைச்சப்பறமும் யாரோ உக்காந்து வரைஞ்சிருக்காங்க. உங்க வீட்டு அம்மா மூணு தடவை வந்து கரிக்குச்சி வாங்கிட்டுப் போனாங்க. எதுக்குன்னு கேட்டேன், சிரிச்சாங்க. நல்ல கை சார் அவங்களுக்கு. எங்க அவங்க?”

“ஊருக்குப் போயிருக்கா”ன்னேன்.

கடை வாசல்ல அப்படியே நின்னேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு தம்பி. ஓடுற பஸ்ஸை மறிச்சு, எல்லார் முன்னாலயும் ஒருத்தனை இறக்கிவிட்டு, அப்புறம் அவன் டிக்கெட் என் கையிலயே இருந்தா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு.

ஆனா ஒண்ணு. அவ என்கிட்ட ஏன் சொல்லலை? “நீங்க துடைக்கிறதுதாங்க அழிக்குது”ன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் கேட்டிருக்க மாட்டேனா?

அப்படிப் பாக்காதீங்க தம்பி. சரி. கேட்டிருக்க மாட்டேன். சாமியைத் துடைக்கக் கூடாதுங்கிறியா, உனக்கு யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டிருப்பேன். அவளுக்குத் தெரியும்.

தமயந்தி நல்ல பொண்ணு. “விடுங்க சார், நான் திரும்ப வரைஞ்சு தர்றேன். எந்த முகம் வேணும்?”னு நோட்டை எடுத்துச்சு. பழைய பக்கத்தைத் திருப்பிப் படிச்சும் காட்டுச்சு. தப்பை விடாத கண்ணு, இறுக்கமான வாய். அந்த முகத்தை நினைச்சுப் பாக்குறேன், வரவே மாட்டேங்குது. கண்ணை மூடினா ஆடி மாசத்துல பாத்த முகம்தான் வருது. வாங்க, உக்காருங்கன்னு சொல்ற மாதிரி. காலையில எந்திரிச்சதும் அந்த முகத்துக்கு நேராப் போய் நின்னுக்கிட்டுத்தான் இருந்திருக்கேன், திட்டிக்கிட்டே. பசிச்சு வந்த ஆளப் பாக்குத மாதிரின்னு அவ சொன்னாள்ல, அது அதுதான். நீ வரைய வேண்டாம்மா, வரையிற ஆளு வேற இருக்குன்னு சொல்லிட்டுப் படத்தை வாங்கிக்கிட்டு வந்துட்டேன். கரி ஒட்டி நிக்கிறதுக்கான அந்த மருந்து டப்பாவும் கையோட குடுத்துச்சு. இப்பவும் சாராய வாடைதான் அடிக்குது. அடிச்சுட்டுப் போகட்டும்.

இது வாசுதேவநல்லூரா? அடுத்தது நம்ம ஊருதான்.

அவ தங்கச்சிக்கு போன் பண்ணினேன். “அக்கா பேச மாட்டேங்கா அத்தான்”னு சொல்லுச்சு. வராதீங்கன்னு சொல்லலை. வாங்கன்னும் சொல்லலை. என்ன பேசணும்னு திருமங்கலத்துலயிருந்து மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வர்றேன், ஒண்ணும் சரியா வரலை. விசாரிக்கத்தான் எனக்குத் தெரியும் தம்பி. மத்ததெல்லாம் அவதான் பாத்துக்குவா, அதுவும் எனக்குத் தெரியாம.

அதான் கற்பூரம் வாங்கியிருக்கேன். பாருங்க, முழுப் பாக்கெட்டு. அவ வாசல்லயே படத்தைச் சாய்ச்சு வச்சு, கற்பூரத்தை ஏத்தி, நானே அணைக்கப் போறேன். இனிமே துடைக்க மாட்டேன். கடுதாசி எழுத மாட்டேன். சரி, குறைச்சுக்கிறேன். மாசிக்குப் பெட்டியைக் கும்பிடக் கூட்டிக்கிட்டுப் போறேன், கரை எந்தக் கலரா இருந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். இதெல்லாம் சொல்லி அணைக்கணும். அப்புறம் இந்தக் கரிக்குச்சியை அவ கையில குடுக்கணும். தேதி போட்ட தாளை மட்டும் கிழிச்சுப் போட்டுரணும், ஞாபகப்படுத்திக்கிறேன்.

எல்லாம் எடுத்து வச்சேன் தம்பி, தீப்பெட்டியை மறந்துட்டேன். உங்க மேல்பையில இருக்குல்ல, அதைக் கொஞ்சம் தர்றீங்களா?

ரெண்டு குச்சி பத்தாது, பெட்டியோடவே குடுத்துருங்க. அவ தங்கச்சி வீட்டு வாசல்ல காத்து பலமா அடிக்கும். அதோட, நான் ஒரு தடவை அணைச்சுச் சொன்ன உடனே அவ நம்பிடுவாளா என்ன?